மலைச்சரிவில் மண்ணடுக்குப் பதிவு

பழனிமலை அடிவாரப் பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் கா. இராசன் நடத்திய அகழாய்வில், ஈமச்சின்னம் ஒன்றிலிருந்து கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. அதே ஈமச்சின்னத்தில் தமிழி எழுத்துப் பொறித்த புரிமனையும் கிடைத்தது. காலம் கணிக்கப்பட்டது நெல்லுக்கே, எழுத்துக்கு அன்று. இரண்டும் ஒருங்கே இடப்பட்டவை என்னும் களப்பதிவே எழுத்தின் தொன்மைக்குச் சான்றாகிறது.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டதையும் ஆய்வாளர் பலர் எடுத்தாள்கின்றனர். ஆயின் ஆழம் வேறு, மண்ணடுக்கு வேறு. சமவெளியிலேயே பிற்காலக் குழி ஒன்று பழைய அடுக்கை ஊடுருவக்கூடும். பூண்டி போன்ற மேல்மலை ஊர்களிலோ மேற்சரிவு மண் மழையில் அரித்துக் கீழிறங்கிப் படிகிறது. படிநில வேளாண்மையும் மண்ணை வெட்டி நிரப்புகிறது. ஆங்கே பழம்பொருள் புதிய அடுக்கின் மேல் அமைதல் இயல்பு. ஆகவே மண்ணின் நிறம், இறுக்கம், கலப்பு, சரிவு, அடுக்கெல்லை ஆகியவற்றைக் குழிச்சுவர் வரைபடத்துடன் பதிதல் இன்றியமையாதது. தோண்டிய மண்ணை மீண்டும் தோண்ட இயலாது.

சங்க இலக்கியக் காலத்தை அகழாய்வு கொண்டு நிறுவும் தமிழாய்வாளர், ஆண்டினை மட்டுமன்றி அதற்குரிய அடுக்கினையும் சுட்டுதல் வேண்டும். பாடவேறுபாடு நோக்காது பாடலை எடுத்தாளாத தமிழ்ப்புலமை, அடுக்கு நோக்காது ஆண்டினை எடுத்தாளுதல் முறையன்று.