சுமைக்கேற்ற வண்டி



கோவில்பட்டியின் சந்தைப் பக்கமோ, எட்டயபுரம் சாலையிலோ, கழுகுமலை செல்லும் வழியிலோ கால் மணி நேரம் நின்று கவனித்தால் ஒரு காட்சி தவறாமல் நம் கண்ணில் படும். முன்னே இருவர் அமரும் சிறிய அறையும், பின்னே திறந்த பெட்டி போன்ற இடமும் கொண்ட சரக்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஒன்றில் உளுந்து மூட்டை இருக்கும். மற்றொன்றில் தீப்பெட்டிப் பண்டல். இன்னொன்றில் கடலை மிட்டாய்ப் பெட்டிகள். வேறொன்றில், மணப்பெண் வீட்டுச் சீராகக் கட்டிலும் பீரோவும் போகும். நம் மக்கள் இவ்வண்டிக்குக் 'குட்டி யானை' என்று செல்லப் பெயரிட்டு அழைக்கின்றனர்.

இந்த வண்டி ஏன் இவ்வளவு விரைவில் நம்மிடையே இடம் பிடித்தது? இதைவிடப் பன்மடங்கு பெரிய பிக்கப் வண்டிகள் உலகின் மாநகரங்களில் ஏன் பெருகுகின்றன? இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நம் குடும்பங்களுக்குப் பயன் தரும் என்று கருதுகிறோம். ஏனெனில் வண்டி வாங்குவது இன்று வீடு கட்டுவதற்கு அடுத்த பெரிய செலவாகிவிட்டது. அதில் தவறினால் பணம் மட்டுமன்று, உயிரும் போகும்.

முதலில் நம் ஊர்க் கதையைப் பார்ப்போம். நம்முடையது கரிசல் பூமி; வானம் பார்த்த பூமி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் இம்மண், மழை பெய்துவிட்டால் காலைப் பற்றி இழுக்கும். இத்தகைய மண்ணில் நம் முன்னோருக்கு உதவியது உயர்ந்த மரச்சக்கரம் பூட்டிய மாட்டு வண்டி. பருத்தியும் கம்பும் சோளமும் அதில்தான் களத்திலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து சந்தைக்கும் சென்றன. பின்னர் லாரி வந்தது. ஆனால் பத்து மூட்டை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு லாரி எதற்கு? லாரி நிறையும் வரை அவர் காத்திருக்க வேண்டும், அல்லது ஊரில் வந்து வாங்கும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் இடையே ஒரு பெரிய இடைவெளி இருந்தது. மூன்று சக்கர லோடு ஆட்டோ அந்த இடைவெளியில் ஒரு பகுதியை மட்டுமே நிரப்பியது.

2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்னும் நான்கு சக்கரச் சிறு வண்டியை வெளியிட்டது. இரண்டே சிலிண்டர் கொண்ட டீசல் எஞ்சின், பதினாறு குதிரைத்திறன், சுமக்கும் அளவு முக்கால் டன். விலை அன்று ஏறத்தாழ இரண்டேகால் லட்சம் ரூபாய். பெரிய லாரியைச் சுருக்கி அவர்கள் இதைச் செய்யவில்லை. சிறு வியாபாரியும் விவசாயியும் ஒரு நடைக்கு எவ்வளவு ஏற்றுகின்றனர், எவ்வளவு தூரம் செல்கின்றனர் என்று விசாரித்தறிந்து, அதற்கேற்ப அமைத்தனர். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் இருபது லட்சம் வண்டிகள் விற்பனையாயின. அசோக் லேலண்டு நிறுவனம் 2011-இல் ஒன்றேகால் டன் சுமக்கும் 'தோஸ்த்' வண்டியை ஓசூரிலிருந்து கொண்டுவந்தது. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் அதனினும் சற்றுக் கூடுதலான பாரத்துக்குப் பேர்பெற்று விளங்குகிறது.

நகரங்களிலும் இவ்வண்டிகளுக்கு வரவேற்புக் குறையவில்லை. பல நகரங்களில் பகல் நேரத்தில் கனரக லாரிகள் உள்ளே வர அனுமதி இல்லை. லாரி ஊருக்கு வெளியே சரக்கை இறக்குகிறது. சிறு வண்டி அதைக் கடைவாசல் வரை கொண்டு சேர்க்கிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குத் தனி பெர்மிட் வேண்டியதில்லை என்பது மோட்டார் வாகனச் சட்டம் தரும் சலுகை. கார் ஓட்டும் உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அதை உறுதி செய்தனர். படித்தும் வேலையற்றிருந்த இளைஞர் பலர் ஒரு வண்டியை நம்பிக் குடும்பம் நடத்த இவையெல்லாம் துணை நின்றன. இங்கே சுமை முதலில் வந்தது. வண்டி அதற்குப் பின் வந்தது. இவ்வண்டியின் வெற்றிக்கு இதுவே காரணம்.

இனி அமெரிக்காவை நோக்குவோம். அங்கும் பிக்கப் வண்டி விவசாயியின் தோழனாகவே பிறந்தது. 1925-இல் ஃபோர்டு நிறுவனம் தன் புகழ்பெற்ற 'டி' மாடல் காரின் பின்னே ஒரு சிறு சுமைப் பெட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்றது. தீவன மூட்டையையும் பால் குடத்தையும் ஏற்றிச் செல்ல அது போதுமானதாக இருந்தது. பிறகு நடந்தது வேறு. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி விதித்தபோது, அமெரிக்கா பதிலடியாக 1964 முதல் வெளிநாட்டு இலகுரக டிரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. கோழிச் சண்டை ஓய்ந்தது. டிரக் வரி ஓயவில்லை. வெளிநாட்டுச் சிறு பிக்கப்கள் உள்ளே வருவது அரிதாயிற்று. 1975-இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தபோது, கார்களுக்கு இருந்த கண்டிப்பு டிரக்குகளுக்கு இல்லை. ஆகவே பெரிய வண்டியைச் செய்வதும் விற்பதும் நிறுவனங்களுக்கு இலாபமாயிற்று. ஃபோர்டின் 'எஃப்' வரிசைப் பிக்கப், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் வண்டிகளில் முதலிடம் வகித்து வந்துள்ளது.

இன்று அவற்றுள் பல, மூட்டை ஏற்றுவதற்காக வாங்கப்படுவதில்லை. அலுவலகம் செல்வதற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், கடைக்குச் சென்று வருவதற்கும் மாநகரத் தெருக்களில் அவை ஓடுகின்றன. பின்பாகம் வெறுமையாக இருக்கிறது. முன்பாகம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது. அந்த உயரத்தின் விலை என்ன? அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எஞ்சின் மூடி நாற்பது அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி பாதசாரியின்மேல் மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டியைக் காட்டிலும் உயிரிழப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்று அது கண்டது. தாழ்ந்த கார் காலில் மோதுகிறது. உயர்ந்த வண்டியோ மார்பிலும் தலையிலும் மோதுகிறது. குழந்தை எதிரே நின்றால் ஓட்டுநரின் கண்ணுக்கே தெரிவதில்லை. அந்நாட்டில் 2009-இல் சாலையில் மாண்ட பாதசாரிகள் ஏறத்தாழ 4,100 பேர். 2022-இல் அத்தொகை 7,500-ஐத் தாண்டியது. இதற்குப் பெரிய வண்டி மட்டுமே காரணமென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அதன் பங்கைப் புறக்கணிக்க முடியாது.

பாரிஸ் நகரத்தார் 2024 பிப்ரவரியில் இதைப் பற்றி வாக்கெடுப்பே நடத்தினர். வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் கனத்த கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்க இசைந்தனர். வெளியூரிலிருந்து வரும் அத்தகைய கார் நகரின் மையப் பகுதியில் நிற்க மணிக்கு 18 யூரோ! பொது இடத்தை மிகுதியாக அடைத்துக்கொள்பவர் மிகுதியாகச் செலுத்தட்டும் என்பதே அவர்களுடைய நியாயம்.

இது அயல்நாட்டார் கவலை என்று நாம் ஒதுக்கிவிடலாமா? நம் நாட்டிலும் சொந்த உபயோகத்துக்கான பெரிய பிக்கப்கள் வந்துவிட்டன. இசுசுவின் 'வி-கிராஸ்' 2016-இலும், டொயோட்டாவின் 'ஹைலக்ஸ்' 2022-இலும் விற்பனைக்கு வந்தன. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள இவை நம் ஊர்ச் சந்துகளில் திரும்பவே திணறும். விற்பனையும் குறைவுதான். ஆனால் ஆசைக்கு விற்பனைக் கணக்குத் தேவையில்லை. 'அவர் வீட்டு வாசலில் நிற்பதைவிட நம் வீட்டு வாசலில் நிற்பது ஒரு சாண் உயரமாக இருக்க வேண்டும்' என்னும் எண்ணம் நம் கிராமங்களிலும் புகுந்துவிட்டது.

புதிய வண்டியை மந்திரித்துத் தரும்படி மாலை சூட்டி ஆலய முற்றத்துக்குக் கொண்டுவருகின்றனர். நாமும் மகிழ்ச்சியோடு தீர்த்தம் தெளித்து ஜெபிக்கிறோம். ஆனால் தீர்த்தம் தவணையைக் கட்டாது. கரிசல் விவசாயிக்கு வருமானம் ஆண்டுக்கு ஒருமுறை, தை மாசியில், அதுவும் மழை முறையாகப் பெய்திருந்தால்தான். தவணையோ மாதந்தோறும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், தவறாமல் வரும். டீசல், டயர், காப்பீடு, தகுதிச் சான்று ஆகியவை வேறு. சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். ஆகவே வாங்குமுன் குடும்பத் தலைவரும் தலைவியும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமருங்கள். ஆண்டில் எத்தனை நாள் சுமை இருக்கிறது? ஒரு நடைக்கு எத்தனை மூட்டை? அந்நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு வண்டி பிடித்தால் என்ன செலவாகும்? இம்மூன்றையும் எழுதிப் பாருங்கள். கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று நம் ஆண்டவர் கேட்டது நினைவிருக்கட்டும். முப்பது நாள் சுமைக்காக முந்நூற்று அறுபத்தைந்து நாள் கடன் சுமப்பது அறிவுடைமை ஆகாது.

மேல்நாட்டார் சுமையின்றி வெறும் பெட்டியை இழுத்துச் செல்கின்றனர் என்று சொன்னோம். நம்மவர் செய்யும் தவறு வேறு. பெட்டியில் ஏற்றத் தகாததை, அதாவது மனிதரை, ஏற்றுகிறோம்.

2021 பிப்ரவரியில், கோவில்பட்டிக்குத் தெற்கே மணியாச்சி அருகே, வயல் வேலைக்குப் பெண்களை ஏற்றிச் சென்ற சிறு சரக்கு வண்டி கவிழ்ந்தது. ஐந்து பெண்கள் மாண்டனர். காலையில் சோற்றுத் தூக்கோடு புறப்பட்ட தாய்மார் அவர்கள். மூட்டை கவிழ்ந்தால் அள்ளிக் கட்டலாம். மனிதர் கவிழ்ந்தால்? சுமைப் பெட்டியில் இருக்கை இல்லை; பிடிமானம் இல்லை; கவிழும்போது தலையைக் காக்கும் கூரை இல்லை. தாழ்வாகப் படுத்துக் கிடக்கும் மூட்டைக்கென அமைக்கப்பட்ட வண்டியில் ஆட்கள் எழுந்து நின்றால், பாரம் மேலே ஏறுகிறது. வளைவில் வண்டி எளிதில் சாய்ந்துவிடுகிறது.

சட்டமும் இங்கே கைகொடுக்காது. சரக்கு வண்டியில் பயணம் செய்யும் ஆட்களுக்கு இழப்பீடு வழங்கும் பொறுப்புக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சரக்கோடு உடன் செல்லும் அதன் உரிமையாளர் அல்லது அவருடைய பிரதிநிதிக்கு மட்டுமே விலக்கு. சில வழக்குகளில் நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றம் ஆணையிட்டதும் உண்டு. எப்படியாயினும் முடிவில் பாரம் வண்டிக்காரர் தலையிலேயே விழும். இறந்தவர் குடும்பமும் தவிக்கும். கடன் வாங்கி வண்டி ஓட்டியவர் குடும்பமும் தெருவுக்கு வரும்.

'பஸ் வராத காட்டுக்கு வேறு எப்படிப் போவது? கூலியில் பாதியைப் பயணத்துக்குக் கொடுக்க முடியுமா?' என்று நம் சகோதரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் அல்லர். அவர்களை வேலைக்கு அழைப்பவர்கள். இருக்கையுள்ள வேனை அமர்த்தும் செலவு வேலை கொடுப்பவருடைய செலவாகவே இருக்க வேண்டும். நம் பங்குகளில் நிலமுடையோரும் கொத்து அழைத்துச் செல்வோரும் உள்ளனர். அவர்கள் இதை மனச்சாட்சிக் காரியமாகக் கொள்ளும்படி வேண்டுகிறோம்.

திருயாத்திரை செல்வோருக்கோ இந்தச் சமாதானமும் இல்லை. ஆகஸ்ட் 15-ஆம் நாள் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவுக்கும், புளியம்பட்டி அந்தோனியார் திருத்தலத்துக்கும் குடும்பம் குடும்பமாகச் சரக்கு வண்டியில் நின்றுகொண்டு, கைக்குழந்தைகளோடு, பாட்டுப் பாடிச் செல்வோரைக் காண்கிறோம். பக்தி பெரிது, ஆனால் பக்தி வண்டியின் அச்சைப் பலப்படுத்தாது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு பஸ் பேசலாம். அன்பியக் கூட்டத்தில் ஒரு மாதம் முன்னதாகவே பெயர் எழுதிப் பணம் சேர்த்தால் தலைக்கு வரும் செலவு அதிகமாகாது. வண்டி வைத்திருக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: உறவினரே கேட்டாலும் 'ஆள் ஏற்ற மாட்டேன், மாமா, சாமான்களை வேண்டுமானால் ஏற்றிக்கொண்டு போகிறேன்' என்று சொல்லுங்கள். அன்று மனத்தாங்கல் வரலாம். பின்னால் ஒரு நாள் உங்களை வாழ்த்துவார்கள்.

வண்டி நல்லதே. கரிசல் விவசாயியின் மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு சேர்த்து, அவருக்கு விலை பேசும் உரிமையைத் தந்தது இந்தச் சிறு வண்டிதான். அதைச் செய்தவர்கள் சுமையை அளந்து வண்டியை அமைத்தார்கள். வாங்குபவர்களும் ஓட்டுபவர்களும் அதே கணக்கைக் கைவிடாதிருந்தால் போதும். ஆகவே அடுத்த முறை தவணைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்னும், பின்கதவைத் திறந்து யாரையேனும் ஏறச் சொல்லும் முன்னும், 'இது எதைச் சுமக்கப் போகிறது?' என்று வீட்டார் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். விடை தெளிவாக வராவிட்டால், அன்று வண்டி நிற்கட்டும்.