வேலை கிடைக்காததற்குச் சனியனா காரணம்?

பிள்ளை இஞ்சினீயர் பரீட்சையில் தேறிவிட்டான் என்று தெருவெல்லாம் சர்க்கரை வழங்கிய தகப்பனார், ஒரு வருஷம் கழித்து அதே பிள்ளையின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ஜோசியன் ஏழரை நாட்டுச் சனி என்கிறான். உடனே திருநள்ளாற்றுக்குப் பயணம், எள் விளக்கு, அர்ச்சனை, தட்சணை! கடன் வாங்கிக் காலேஜுக்குக் கொட்டி அழுதது போதாதென்று புரோகிதக் கூட்டத்துக்கும் அழ வேண்டியதாகிறது.

நாம் கேட்கிறோம்: அந்தச் சனி முதல் தலைமுறையாகப் படிக்க வந்த குடியானவன் மகனையும் கூலிக்காரன் மகளையுமே தேடித் தேடிப் பிடிப்பானேன்? மாமனும் சித்தப்பனும் கம்பெனி மேனேஜராயிருக்கும் பிள்ளையைக் கண்டால் மாத்திரம் அது ஒதுங்கிப்போவானேன்? ஆகவே சனி ஆகாயத்திலில்லை; ஆள் எடுக்கும் முறையில்தான் இருக்கிறது.

முதல் வேலைக்கு மனுப்போட்டால், “இரண்டு வருஷ அனுபவம் உண்டா?” என்கிறார்கள். அனுபவம் வேண்டுமானால் வேலை வேண்டும். வேலை வேண்டுமானால் அனுபவம் வேண்டும். தண்ணீரில் இறங்காமலே நீந்தப் பழகிக்கொண்டு வா என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கதவு சிலருக்குச் சிபார்சு என்னும் சாவியால் திறக்கிறது. கம்பெனிக்குள் இருப்பவன் தனக்குத் தெரிந்தவனைச் சொல்லுகிறான். அவனுக்குத் தெரிந்தவன் யார்? பெரும்பாலும் அவன் ஜாதியான், அவன் தெருவான், அவனோடு படித்தவன். உள்ளே ஆளில்லாத வகுப்பார் என்றைக்கும் வெளியேதான் நிற்கவேண்டும்.

இது நமது கற்பனையல்ல. சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் என்னும் இரண்டு அறிஞர்கள் ஒரு பரீட்சை செய்து, அதன் முடிவை 2007ல் வெளியிட்டார்கள். தனியார் கம்பெனி விளம்பரங்களுக்கு ஒரே மாதிரி யோக்கியதாம்சமுள்ள மனுக்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்ஜாதிப் பெயருக்குப் பதில் வருவதற்கிருந்த வாய்ப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. முஸ்லிம் பெயருக்கோ மூன்றில் ஒரு பங்குதான். படிப்பு ஒன்று, பட்டம் ஒன்று, காகிதம் ஒன்று. பெயர் மாத்திரம் வேறு. ‘தகுதி, திறமை’ என்று வாய் ஓயாமல் பேசும் கனவான்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்?

இந்தத் தகுதிப் பேச்சும் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் காலேஜ் இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட உத்தரவை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்கள் இருவர். ஒருவர் வைத்தியக் காலேஜ் சம்பந்தமாகப் போன செண்பகம் துரைராஜன். மற்றவர் இஞ்சினீயரிங் காலேஜ் சம்பந்தமாகப் போன சி.ஆர்.சீனிவாசன். 1951ல் சுப்ரீம் கோர்ட்டு அவ்வுத்தரவு செல்லாதென்றது. பெரியாரும் மக்களும் செய்த கிளர்ச்சியின் பயனாக அவ்வருஷமே அரசியல் சட்டம் முதல்முறையாகத் திருத்தப்பட்டது. அந்தக் கிளர்ச்சியால்தான் காலேஜ் வாசல் நம்மவர்க்குத் திறந்திருக்கிறது. இன்று கம்பெனி வாசல் அடைத்துக்கிடக்கிறது. அங்கே எந்த வகுப்புவாரி உத்தரவும் செல்லுவதில்லை. ஆனால் சர்க்கார் நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் மாத்திரம் அங்கே தாராளமாய்ச் செல்லுகின்றன!

காலேஜ் முதலாளிகளையும் விடுவதற்கில்லை. லேத்தைத் தொட்டுப் பார்க்காதவனுக்கு மெக்கானிக்கல் பட்டமும், ஒரு சுவர்கூட எழும்பப் பார்க்காதவனுக்கு சிவில் பட்டமும் கொடுத்தனுப்பிவிட்டு, வேலை வாங்கித் தருவதாக விளம்பரம் செய்வது வியாபாரமேயொழியக் கல்வியாகாது. அதற்கு வாசலில் பிள்ளையார் கோயில் வேறு!

செய்யவேண்டியது என்ன? மனுக்களைப் பெயர், ஊர், தகப்பன் பெயர் மறைத்தே முதலில் பரிசீலிக்கவேண்டும். சர்க்காரிடம் சலுகை வாங்கும் ஒவ்வொரு கம்பெனியும் எந்தெந்த வகுப்பாரில் எத்தனை பேரை எந்தச் சம்பளத்தில் வைத்திருக்கிறது என்று வருஷந்தோறும் கணக்குக் காட்டவேண்டும். தனியார் வேலையிலும் வகுப்புவாரிப் பங்கு வேண்டும். 1961ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் 1973ல் திருத்தப்பட்டு இஞ்சினீயர் பட்டதாரிகளுக்கும் விரிக்கப்பட்டது. அதைச் சம்பளம் குறைக்கும் தந்திரமாக்காமல், அனுபவம் கொடுக்கும் வழியாக நடத்தும்படி செய்யவேண்டும்.

வாலிபத் தோழர்களே! வேலை கிடைக்காதது உங்கள் குற்றமென்று கூனிக் குறுகாதீர்கள். தலைவிதியென்று படுத்துக்கொள்ளவும் செய்யாதீர்கள். “வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு” என்கிறவனும், “பரிகாரம் செய்” என்கிறவனும் ஒரே தொழிலைச் செய்கிறவர்கள்தான். அவர்களிடம் கொடுக்கும் காசை ஒரு கருவியைப் பழகுவதற்குச் செலவழியுங்கள். வேலைக்குப் போன ஒவ்வொருவரும் பின்னால் வரும் நம்மவர் ஒருவருக்காவது வழி காட்டுங்கள். பெற்றோர்களே! வீட்டிலிருக்கும் பிள்ளையை ஏசுவதையும், பெண்ணாயிருந்தால் “வேலைதான் இல்லையே” என்று கல்யாணத்தில் தள்ளுவதையும் நிறுத்துங்கள்.

சனிக்கு ஏற்றும் எள் விளக்கு இத்தனை காலமாக ஒரு கம்பெனிக் கதவையும் திறந்ததில்லை. காலேஜ் கதவைத் திறந்தது கிளர்ச்சி. இந்தக் கதவையும் அதுதான் திறக்கும்.