மறைக்கப்பட்ட கையொப்பம்!

"பெண்களிலே பெரிய ஓவியர் உண்டோ? இருந்தால் பெயரைக் கூறுங்கள், கேட்போம்!" என்று கேட்டுவிட்டு, வெற்றிப் புன்னகை புரிவோர் பலர். 1976 டிசம்பரில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலைக்கூடத்திலே இரு பெண்மணிகள் அதற்கு விடையளித்தனர். ஆன் சதர்லண்ட் ஹாரிஸ், லிண்டா நாக்லின் எனும் கலை வரலாற்று அறிஞர்கள் அவர்கள். 1550 முதல் 1950 வரை நானூறு ஆண்டுகளில் தூரிகை பிடித்த எண்பதுக்கும் மேற்பட்ட பெண் ஓவியர்களின் படைப்புகளைத் திரட்டிச் சுவரிலே மாட்டினர். வாதம் அல்ல, வசையும் அல்ல, வண்ணம் பேசிற்று!

ஏன் மறைந்தன இப்பெயர்கள்? திறமை இன்மையாலா? இல்லை; திறவாத கதவால்! 1768-இல் லண்டனில் ராயல் அகாதமியை நிறுவியோரில் ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் இருவரும் உண்டு. ஆனால் ஜோஃபனி தீட்டிய அகாதமிப் படத்திலே, ஆடவர் நேரில் நிற்கின்றனர். அவ்விருவரோ சுவரில் தொங்கும் படங்களாக மட்டுமே! ஆடையற்ற ஆடவன் மாதிரியாக இருக்கும் அறையிலே மாதர் நிற்கலாகாதாம். மனித உடலைக் கண்டு வரையும் பயிற்சி இன்றிப் பெரும் ஓவியம் தீட்டுவதெப்படி? பாரிசின் அரசுக் கலைப்பள்ளியோ 1897 வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை. கல்வியை மறுத்துவிட்டு, கல்லாதவள் எனக் கைகொட்டிச் சிரிப்பது எந்த நாட்டு நீதி? குறை பெண்ணின் பிறப்பிலே இல்லை, நிறுவனங்களிலும் கல்வியிலுமே என்று நாக்லின் 1971-லேயே எழுதினார்.

தடை தாண்டி வென்றவர்க்கோ வேறொரு தண்டனை! 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யூடித் லெய்ஸ்டரின் படம், ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற ஆடவரின் பெயரிலே விலைபோயிற்று. 1893-இல் அதிலே லெய்ஸ்டரின் கையொப்ப முத்திரை கண்டறியப்பட்டது. படம் மாறவில்லை, பறிக்கப்பட்ட பெயர் திரும்பிற்று!

"கலைக்கு ஆணென்றும் பெண்ணென்றும் பேதமுண்டோ? தனிக் கண்காட்சி எதற்கு?" என்பார் உளர். பேதம் கூடாதென்பதே நம் கருத்தும். ஆயின் பேதத்தைப் புகுத்தியவர் யார்? பூட்டியவனை விட்டுவிட்டு, பூட்டை உடைத்தவளிடமா கணக்குக் கேட்பது?

சலுகை கேட்கவில்லை அவர்கள், சான்று காட்டினர். ஒரு பருவம் காட்டிவிட்டு மீண்டும் கிடங்கிலே அடைப்பதற்கல்ல அச்சான்று. பொதுச் சுவரிலே அப்படங்கள் நிலைக்கவேண்டும்; பாட நூலிலே அப்பெயர்கள் ஏறவேண்டும். அதுவரை, பெண்களைப் பெண்கள் போற்றும் கண்காட்சிகள் நடக்கட்டும், நாடுதோறும் நடக்கட்டும் என்போம் நாம்!