படிவத்தில் இல்லாத கட்டம்

அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் சேர்ந்தபோது ஒரு படிவம் தந்தார்கள். இனம், பாலினம், மாற்றுத்திறன் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. 'ஆசியர்' என்று குறித்தேன். என் இந்திய மேலாளரும் அதே கட்டம்தான். நிறுவனத்தின் கணக்கில் இருவரும் ஒன்று.

மதிய உணவு மேசையில் கணக்கு மாறியது. "சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? வீட்டில் சைவமா?" என்று கேட்டார். பதில் சொன்ன பிறகு முக்கியமான கூட்டங்களுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. மனிதவளத் துறையிடம் போனேன். "இதை எந்தப் பிரிவில் பதிவது?" என்றார்கள். வேலை போனால் எச்-1பி விசாக்காரருக்கு வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள். வாயை மூடிக்கொண்டேன்.

2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடைசெய்தது. அமெரிக்காவில் அதுவே முதல் நகரம். அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய எஸ்.பி. 403 மசோதாவை ஆளுநர் கவின் நியூசம் அக்டோபரில் நிராகரித்தார். இருக்கும் சட்டங்களே போதும் என்றார்.

போதுமென்றால் மனிதவளத் துறை என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது.

தோழர்களே, உங்கள் நிறுவனத்தின் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் 'சாதி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். அதைக் கேட்டாலே தலித் ஊழியரின் சாதி வெளியே தெரிந்துவிடும். அந்தப் பயம் இல்லாதவர்கள் முதலில் கேட்கட்டும்.