பழகாத கால்

கோடை முற்றி ஆரணியாற்று அணையில் நீர் வற்றிப்போகும் நாள்களில், எங்கள் பிச்சாட்டூர்ப் பிள்ளைகளுக்கு ஏரியின் அடிநிலமே விளையாட்டு மைதானமாகிவிடுகிறது. வெடித்துக் காய்ந்த வண்டலின்மேல் இரு புறமும் செருப்புகளைக் குவித்துக் கோல் கம்பங்களாகப் பாவித்துக்கொண்டு, தமிழில் பந்தைக் கேட்டும் தெலுங்கில் வழக்காடியும் பொழுது சாயும்வரை ஆடுகிற அந்தக் கூட்டத்தில் ஒரு பையனைச் சில வாரங்களாகக் கவனித்து வருகிறேன். வலது காலில் அவனுக்கு வாய்த்திருக்கும் லாகவம் அபூர்வமானது. ஆனால் பந்து இடப்புறமாக வந்துவிட்டால், உடம்பு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி அதை வலக்காலுக்குக் கொண்டுவரப் பார்ப்பான். அந்தச் சுற்று முடிவதற்குள் வேறொருவன் பந்தைக் கொண்டுபோய்விடுவான்.

அதைக் காணும்போதெல்லாம் என் சிந்தை ஹைதராபாத்துக்குச் செல்கிறது. உருது மொழியையே போதனா மொழியாகக் கொண்டு 1918-இல் ஸ்தாபிக்கப்பட்ட உஸ்மானியா சர்வகலாசாலையின் கால்பந்து அணியில் ஆடிப் பெயரெடுத்தவர் சையத் அப்துல் ரஹீம். பின்னர் அவர் மேற்கொண்டது உபாத்தியாயத் தொழில். ஆயினும் மைதானத்தை அவர் துறக்கவில்லை. மாணவர்களும் பழைய மாணவர்களுமாகச் சேர்ந்து அமைத்த ‘லெவன் ஹன்டர்ஸ்’ என்ற அணியில் ஆடினார். 1943-இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசியானார். 1950-இல் நகரப் போலீஸ் அணியைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றார். 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது அந்த அணி.

வெற்றிகளைக் காட்டிலும் அவர் கற்பித்த முறையே என்னை வசீகரிக்கிறது. இளைஞர்களுக்கென்று அவர் சில விசித்திரமான பந்தயங்களை நடத்தினார். ஒன்றில், பந்தை உருட்டி உருட்டி எதிரிகளை ஏய்த்துச் செல்வது கூடாது. கிடைத்த மாத்திரத்தில் சகாவுக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில், பழகிய காலை விட்டுப் பழகாத காலாலேயே ஆட வேண்டும். கணக்கில் வல்ல மாணாக்கனை இலக்கணத்தின் முன் உட்காரவைக்கிற பள்ளி உபாத்தியாயரின் மனம் அல்லவா அது! கால்பந்தையும் ஒரு பாடமாகக் கருதி, அதில் எந்தப் பகுதி மாணாக்கனுக்கு வரவில்லை என்று கண்டு, அந்த இடத்திலேயே அவனை நிறுத்திப் பயிற்றும் பொறுமை, கல்விச்சாலையின் வாடை படாத ஒருவருக்கு எளிதில் வாய்த்திராது என்றே நான் நம்புகிறேன்.

அவர் கண்டெடுத்தவர்களுள் ஒருவர் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமன். ஹைதராபாத்துக்கு வந்து போகக் கையில் காசில்லை என்று அந்த இளைஞர் சொன்னபோது, ரஹீம் அவருக்கு ஒரு சைக்கிளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். ஹைதராபாத்தில் பிறந்த கோல்காப்பாளர் தங்கராஜும், பலராமனும், ரஹீமின் பயிற்சியில் 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் இருந்தார்கள். 1962-இல் ஜகார்த்தாவின் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கும் சென்றார்கள். அங்கே ரஹீமைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. மைதானத்திலிருந்த பெருந்திரளோ நம்மவர்மீது பகைமை பாராட்டியது. தற்காப்பு ஆட்டக்காரரான ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். தலையால் பந்தைத் தடுப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவரைக் காயத்தோடு பின்வரிசையில் நிறுத்த இயலாத அந்த நிலையில், ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். பழகாத கால் என்றேனே, இது பழகாத இடம். செப்டம்பர் 4-ஆம் தேதி தென் கொரியாவை 2-1 என்று வென்ற இறுதி ஆட்டத்தில், பி. கே. பானர்ஜி ஒரு கோல் போட, மற்றொன்றை ஜர்னைல் சிங்கே போட்டார். காய்ச்சலிலிருந்து எழுந்துவந்த தங்கராஜ் கோலைக் காத்தார். அடுத்த ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி ரஹீம் காலமானார். அதற்குப் பின் இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வெல்லவில்லை.

அந்த ஜகார்த்தா அணியின் தலைவரான சுனி கோஸ்வாமியும், ரஹீமைப் போலவே, சர்வகலாசாலை ஆட்டக்காரர்தான்; கல்கத்தா சர்வகலாசாலையின் கால்பந்து, கிரிக்கெட் ஆகிய இரண்டு அணிகளுக்கும் தலைமை தாங்கியவர். அச்சர்வகலாசாலையின் துணைவேந்தராக விளங்கிய அசுதோஷ் முகர்ஜியின் பெயரால்தான் 1941 முதல் சர்வகலாசாலைகளுக்கு இடையிலான கால்பந்துக் கேடயம் வழங்கப்பட்டு வருகிறது. எங்களூர்ப் பிள்ளைகளுக்கு அண்மையிலிருப்பது 1954-இல் திருப்பதியில் எழுந்த ஸ்ரீ வேங்கடேஸ்வரா சர்வகலாசாலை. புத்தூர் வழியாகப் பஸ் ஏறி அங்கே படிக்கச் செல்லும் பிள்ளைகளுள் ஒருவனேனும் அந்தக் கேடயத்துக்காக ஆட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்து ரஹீமின் கதையைச் சொன்னேன். அன்று இடக்காலால் போட்ட கோல் மட்டுமே செல்லும் என்று அவர்களே தீர்மானித்துக்கொண்டார்கள். அந்தப் பையனிடம் பந்து வந்தது. சுற்றித் திரும்பப் போனவன் நின்று, ஒரு கணம் தயங்கி, இடக்காலை வீசினான். பந்து செருப்புக் குவியலுக்கு வெகுதூரம் விலகி வேலிக்காத்தான் புதருக்குள் போய் விழுந்தது. முள்ளை விலக்கி அதை எடுத்துவந்தவன், வரும் வழியெல்லாம் இடக்காலாலேயே மெல்லத் தட்டிக்கொண்டு வந்தான்.