எச்சரிக்கைக்கு ஓர் எல்லை வேண்டும்

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் பறித்துக்கொள்ள என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்கத் தோன்றலாம். காதில் ஒரு சோடிக் கம்மல், காலில் வெள்ளிக் கொலுசு, சில பிள்ளைகளுக்குக் கழுத்தில் நூலிழை போல ஒரு சங்கிலி. 2020இன் பெருந்தொற்றுக்காலத்தில் பாடமே கைப்பேசிக்குள் வந்த பிறகு, அதுவும் பிள்ளையின் கைப்பொருளாகிவிட்டது. பறிக்கிறவனுக்கு இது போதும். இது நேற்று முளைத்த கேடும் அல்ல. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடம்பிலிருக்கும் பொருளைத் திருடும் நோக்கத்துடன் அதைக் கடத்துவதற்கென்றே 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 369ஆம் பிரிவை வைத்திருந்தது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 97ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 160 ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியொரு பிரிவுக்கு வேலை இருக்கிறதென்றால், பெற்றோரின் அச்சத்தை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது.

அச்சம் மெய்தான். அந்த அச்சத்தை நாம் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளும் விதத்தில்தான் எனக்கு ஐயம். எங்கோ ஒரு சங்கிலி பறிபோனதும் ஒரு செய்தி கிளம்புகிறது. நான்கு பேர் சுற்றுகிறார்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், தெரிந்தவர்கள் அனைவருக்கும் அனுப்புங்கள் என்கிறது. எந்த ஊர், எந்தத் தெரு, என்றைக்கு, பார்த்தவர் யார் என்ற எதுவும் அதில் இருப்பதில்லை. அனுப்பியவருக்குக் கடமை முடிந்த நிம்மதி கிடைக்கிறது. பிள்ளைக்குக் கிடைப்பது என்ன?

2018ஆம் ஆண்டுக் கோடையில் தமிழ்நாடு இந்தக் கேள்விக்குக் கொடிய விடையொன்றைப் பெற்றது. வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திறங்கியிருக்கிறது என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவிக்கொண்டிருந்தது. மே 9ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினர்களோடு காரில் வந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழி கேட்க நிறுத்திய இடத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். அதே நாட்களில் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். ஜூலை 1இல் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், பிச்சையெடுத்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தவர் ஐவரை ஒரே இடத்தில் கொன்றார்கள். அந்நாட்களில் சுற்றிய காணொளிகளுள் ஒன்று, பிள்ளைகளின் பாதுகாப்பை வலியுறுத்திக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். தூக்கிப்போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஒரு செய்தியை அனுப்ப முடியாதபடி வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது அந்த ஜூலையில்தான். ஆயினும் 2024இன் தொடக்கத்தில் அதே பழைய வதந்தி தமிழ்நாட்டில் மறுபடியும் தலைகாட்டியது. காவல்துறை மறுபடியும் மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது.

குலதெய்வம் தேடி வந்தவர் என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களுக்கும் மாசிச் சிவராத்திரிக்கும் பங்குனி உத்திரத்துக்கும் அப்படித்தான் ஆட்கள் வருகிறார்கள். தாத்தா காலத்தில் ஊரைவிட்டுப் போன குடும்பம், பாதை மறந்து, கண்மாய்க்கரையில் காரை நிறுத்தி, எதிர்ப்படும் சிறுவனிடம்தான் சாஸ்தா கோயிலுக்கு வழி கேட்கும். இந்த மண்ணில் பிறந்து வெளியூரில் பிழைக்கும் நம்மில் யாரும் அந்த மூதாட்டியின் இடத்தில் நின்றிருக்கலாம்.

அந்நியர் வராத நிலமுமல்ல கரிசல். குடுகுடுப்பைக்காரர், பூம்பூம்மாட்டுக்காரர், சாட்டையடித்து யாசகம் கேட்பவர், ஊசி பாசி விற்கும் நரிக்குறவர், கிடை போட வரும் கீதாரி என்று ஆண்டு முழுதும் ஆட்கள் நடமாடும் பூமி இது. சோறுண்ண மறுக்கும் பிள்ளையை மிரட்ட நம் வீடுகள் படைத்த பிள்ளை பிடிக்கிறவன் இவர்களில் ஒருவருடைய சாயலில்தான் இருந்தான். இந்த மிரட்டலையே வெள்ளை அரசு 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டமாக எழுதியது. 1911க்குப் பின் அது சென்னை மாகாணத்திலும் பல சமூகங்களைக் கைரேகைக்கும் கணக்கெடுப்புக்கும் உட்படுத்தியது. இங்கே 1947இல் அது ரத்தானது. ஆனால் ஒரு சமூகத்தின் நெற்றியில் எழுதிவிட்ட எச்சரிக்கையை ஒரு சட்டத் திருத்தத்தால் அழித்துவிட முடிவதில்லை.

இனி கோவில்பட்டிக்கே வருவோம். 2024 டிசம்பரில் இங்கே ஒரு பள்ளிச் சிறுவன் காணாமற்போனான். மறுநாள் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் அவன் உடல் கிடைத்தது. அணிந்திருந்த நகை காணப்படவில்லை. தனிப்படைகள் தேடின. கடைசியில் கைதானவர் அதே பகுதியில் வசித்துவந்தவர். வழக்கின் முடிவு நீதிமன்றத்துக்குரியது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வெளியூர்க்காரனைப் பற்றிய ஓராயிரம் எச்சரிக்கைகள் கைக்கு வந்திருந்தாலும் பக்கத்து மாடியை ஒருவரும் எட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது மட்டுமே நான் சொல்ல வருவது. இந்த வட்டாரத்துக்கு இது புதிய பாடமுமன்று. ஒரு காலத்தில் விடியுமுன் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிப்போனது தீப்பெட்டி ஆலைப் பேருந்து. முன்பணம் கொடுத்த ஏஜெண்டின் பெயர் வீட்டுக்கு வீடு தெரியும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலும், சிவகாசிப் பிள்ளைகள் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு 1996இலும் வந்தன. அதற்கு முன்பு அந்தப் பேருந்தைக் கண்டு யாரும் யாரையும் எச்சரிக்கவில்லை.

பொத்தாம்பொதுவான எச்சரிக்கைக்கு இன்னொரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பவள் பெண்பிள்ளை. எட்டாம் வகுப்போடு உள்ளூர்ப் பள்ளி முடிந்துவிடும் சிற்றூர்களிலிருந்து கோவில்பட்டிக்கோ கழுகுமலைக்கோ எட்டயபுரத்துக்கோ மினி பஸ் பிடித்தும் அரசு கொடுத்த மிதிவண்டியை மிதித்தும் போகிறவர்களுக்கு, சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கும் ஓடைப்பாதையைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தால் போதும். பையனுக்குச் சொல்வது ‘பார்த்துப் போ’ என்பது. அவளுக்குச் சொல்வது ‘போக வேண்டாம்’ என்பது. கம்மல் பறிபோனால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். நின்றுபோன படிப்பை எந்த நகைக்கடையில் வாங்குவது?

அப்படியானால் யாரும் எதையும் சொல்லாமலிருப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பொய்யாகவே இருக்கட்டும், ஒருவேளை மெய்யாக இருந்துவிட்டால் என்ற தவிப்பிலிருந்துதான் எந்தத் தாயும் அந்தச் செய்தியை அனுப்புகிறாள். பேசாமலிருப்பதும் பிள்ளையைக் காப்பதில்லை. பறிகொடுத்த வீடு, காவல்நிலையப் படியேறத் தயங்கி விஷயத்தை மூடிவைத்தால், நாளை அதே திருப்பத்தில் இன்னொரு பிள்ளை நிற்கும். ஆகவே சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் காரியம் இருக்கிறது.

ஊரில் முன்பு தண்டோரா போட்டார்கள். ஒரு சாதியாரின் தோளில் இழிவாக ஏற்றப்பட்டிருந்த அந்த வேலையை நிறுத்தச் சொல்லித் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவுறுத்தியது மிகச் சரி. ஆனால் அந்த அறிவிப்பின் இலக்கணம் கவனிக்கத்தக்கது. சொல்லச் சொன்னவர் யாரென்று ஊருக்குத் தெரியும். பறை கேட்கும் தொலைவோடு செய்தி நின்றுவிடும். இன்றைக்கு, நாளைக்கு என்று நாள் குறித்திருக்கும். ஐயமிருந்தால் எதிரே நின்று கேட்கலாம். அமெரிக்காவில் 1996இல் கடத்திக் கொல்லப்பட்ட சிறுமியின் பெயரால் தொடங்கப்பட்ட ஆம்பர் எச்சரிக்கை முறையும் ஏறத்தாழ இவ்விதிகளின்படியே நடக்கிறது. கடத்தல்தான் என்று காவல்துறைக்குப் போதிய நம்பிக்கை வந்த பிறகே அது வெளியாகும். பிள்ளை கிடைத்ததும் திரும்பப் பெறப்படும். நம் கைக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியர் இல்லை, எல்லை இல்லை, முடிவும் இல்லை. பிள்ளை வீடு திரும்பிய பிறகும் செய்தி திரும்புவதில்லை.

ஆகவே என் தரப்பு இது. ஆளின் சாயலைச் சொல்லும் எச்சரிக்கையைக் கடத்தாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் சொல்லும் எச்சரிக்கையை, அந்த இடத்தில் நடக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குத் தவறாமல் சொல்லுங்கள். வடநாட்டான், பிச்சைக்காரன், அழுக்குச் சட்டைக்காரன் என்ற சொற்கள் யாரை அடிப்பது என்பதை மட்டுமே சொல்லித்தருகின்றன. நேற்று மாலை ஐந்தரை மணிக்கு, பள்ளிக்கும் நிறுத்தத்துக்கும் இடையிலுள்ள ஓடைத் திருப்பத்தில், இருசக்கர வாகனத்தில் வந்த இருவர் பறித்தார்கள் என்ற செய்தி வேறு வகை. அதைக் கேட்ட நான்கு பெற்றோர் மறுநாள் முறைவைத்து அந்தத் திருப்பத்தில் நிற்க முடியும். தலைமையாசிரியர் கடைசி மணியை ஒட்டிப் பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்ப முடியும். மினி பஸ் நடத்துநர் இரண்டு நிமிடம் பொறுத்து எடுக்க முடியும். ஊராட்சியிடம் கருவேலத்தை வெட்டவும் தெருவிளக்கு போடவும் கேட்க முடியும். நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளையை அனுப்புவது எல்லாவற்றிலும் எளிது.

இன்னொன்றும் உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பெற்றோருக்கு மட்டுமல்ல, பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பறிகொடுத்துவிட்டு வரும் பிள்ளையை நாம் முதலில் கேட்பது ‘எங்கே தொலைத்தாய்’ என்பதே. அடிக்குப் பயந்து வாய்மூடிக்கொள்ளும் பிள்ளையிடம்தான் அந்த இடமும் நேரமும் இருக்கின்றன. ஊரிலேயே நம்பத்தகுந்த செய்தியாளர் அந்தப் பிள்ளைதான். அதட்டாமல் கேட்டால் சொல்லும்.