சீர் கொடுத்தால் பங்கு தீர்ந்துவிடுமா?

"நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று. இனி நிலத்தில் அவளுக்கு ஏது பாத்தியதை?" இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து புறவழிச்சாலை பிரியும் சுற்றுவட்டாரத்தில், நிலம் மனையாகி மனை அடுக்குமாடியான பிறகு இந்த நியாயம் பேசுவோர் பெருகிவிட்டனர். புஞ்சையாகக் கிடந்தபோது தங்கையை யாரும் தேடவில்லை. விலை ஏறியதும் விடுதலைப் பத்திரத்தோடு தேடுகிறார்கள்!

நாம் கேட்கிறோம்: சீர்வரிசை எந்தச் சட்டத்தில் பாகப்பிரிவினை ஆகும்?

"கூட்டுச் சொத்து" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்து ஒரு வகை. அதில் மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி. தமிழகம் 1989 மார்ச் 25 முதல் இவ்வுரிமையைத் தந்தது. அதற்கு முன் மணமானவர்களை விலக்கியது. 2005 செப்டம்பர் 9-ல் அமலான மத்தியத் திருத்தம் அந்த வேலியையும் பிடுங்கியது. அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற சாக்கை 2020-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினையும் கிரயமும் விதிவிலக்கு.

தகப்பனாரின் சுயார்ஜிதம் வேறு வகை. அதை அவர் யாருக்கும் உயில் எழுதலாம். எழுதாமல் இறந்தால், 1956-ம் வருஷச் சட்டப்படி மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் அனைவருக்கும் சம பங்கு. அண்ணன் தன் பங்கை விற்கலாம். தங்கையின் பங்கை விற்க முடியாது.

"பட்டாவில் அவள் பெயர் இல்லையே" என்பார்கள். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது.

பங்கே இல்லாதவளிடம் விடுதலை கேட்பானேன்? பங்கு இருப்பது தெரிந்துதான் கேட்கிறார்கள்! ஆனால் அவள் கையெழுத்திட்டுப் பத்திரம் பதிவாகிவிட்டால் பங்கு போயிற்று. ஏமாற்றினார்கள், வற்புறுத்தினார்கள் என்று பின்னால் கோர்ட்டில் நிரூபிக்கும் பாரம் அவள் தலையில்தான் விழும்.

இதே சாலையில் தெற்கே உள்ள செங்கற்பட்டில், 1929-ல் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. 2005 வரை 76 வருஷம் ஆயிற்று. அத்தனை காலம் போராடிப் பெற்றதைப் பத்திர எழுத்தரின் மேஜையில் ஒரு மத்தியானத்தில் பறிப்பதா?

விடுதலைப் பத்திரம் பதிவாகுமுன், பெண்ணைத் தனியே அழைத்து, அவள் விட்டுக்கொடுக்கும் பங்கு எவ்வளவு, அதன் வழிகாட்டி மதிப்பு எவ்வளவு என்று அதிகாரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதைச் சர்க்கார் கட்டாயமாக்க வேண்டும்.

சகோதரிகளே! படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். விடுதலைப் பத்திரம் நீட்டினால், பாகப்பிரிவினைப் பத்திரம் கேளுங்கள்!